மூன்று கால் நாயும் உம்மம்மாவும்

கிளிஃபோர்ட் என்றொரு சிவப்பு நாய். வீட்டைவிட உயரம். அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எடுத்த அந்தக் கார்ட்டூனின் ஒரு கதையில், கிளிஃபோர்டும் அதன் கூட்டாளி நாய்களும் வாழும் ஊருக்குப் புதிதாக ஒரு நாய் வந்து சேர்கிறது. அதற்குக் கால்கள் மூன்றுதான். மற்ற நாய்கள் முதலில் மிரள்கின்றன, பழகத் தெரியாமல் தடுமாறுகின்றன, கடைசியில் சேர்ந்து விளையாடுகின்றன. உன்னைப் போல் இல்லாதவரை ஒதுக்காதே என்பதுதான் கதை எழுதியவர்கள் சொல்ல வந்தது. பக்கத்தில் இருந்து பார்க்கும் உம்மாவுக்கு அது இரண்டாவது நிமிடத்திலேயே விளங்கிவிடும்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் மேரி லூயிஸ் மாரெஸும் எமிலி அகோஸ்டாவும் இந்தக் கதையைப் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, இதில் என்ன படித்தீர்கள் என்று கேட்டார்கள். 2008இல் வந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே பிள்ளைகளின் விளக்கத்தைச் சொல்லிவிடுகிறது: மூன்று கால் நாய்களிடம் அன்பாக இரு.

சிரிப்பு வருகிறதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் கதையை ஒழுங்காகவே பார்த்திருக்கிறார்கள். திரையில் நாய் இருந்தது. கால் மூன்று இருந்தது. அன்பு காட்டியதும் நடந்தது. இருந்ததை இருந்தபடி சொன்னார்கள். வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளைக்கும், பக்கத்துத் தெருவில் வேறு சாமி கும்பிடும் பிள்ளைக்கும் அந்த நாய்க்கும் என்ன தொடர்பு என்பது திரையில் எங்கும் இல்லை. அதைப் பார்ப்பவர்தான் கட்ட வேண்டும்.

நேர்மை, பொறுமை, இரக்கம், துணிவு என்று நாம் சொல்லும் எதையும் யாரும் கண்ணால் கண்டதில்லை. காண்பது சம்பவங்களை மட்டும்தான். கடைக்காரர் மிச்சக்காசைத் திருப்பித் தருகிறார். ராத்தா தன் பங்கு வட்டிலப்பத்தைத் தம்பிக்குக் கொடுக்கிறாள். கடலுக்குப் போனவர் இன்னொருவருடைய அறுந்த வலையைக் கரைசேர்க்கிறார். இந்தச் சம்பவங்களில் இருந்து மனிதரையும் பொருளையும் இடத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சுகிற ஒன்றுக்குக் குணம் என்று பேர் வைக்கிறோம். வளர்ந்தவர்கள் இந்தக் கழித்தலைச் செய்வது தெரியாமலே செய்கிறார்கள். ஐந்து வயதில் அது பெரிய வேலை.

எவ்வளவு பெரியது என்பதை முதலில் காட்டியவர்களில் ஒருவர் சுவிற்சர்லாந்தின் ழான் பியாஜே. 1932இல் வந்த அவருடைய புத்தகத்தில் இரண்டு சிறுவர்களின் கதை வருகிறது. ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் கோப்பைத் தட்டு இருந்தது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைகின்றன. மற்றவன் தாய் இல்லாத நேரம் பார்த்து ஜாமை எடுக்க ஏறுகிறான். ஒரு கோப்பை உடைகிறது. யார் கெட்ட பிள்ளை? சின்னவர்கள் பலர் 15ஐ உடைத்தவன் என்றார்கள். எண்ணத்தைவிட உடைசல்தான் அவர்கள் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது.

பிறகு வந்தவர்கள் பியாஜேயை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. 1980இல் ஷரன் நெல்சன் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பந்தெறியும் பையனின் கதையைப் படங்களாக வரைந்து, அவன் மனதில் நினைப்பதையும் தலைக்கு மேலே படமாகப் போட்டுக் காட்டினார். நினைப்பு அப்படிப் பளிச்சென்று கண்முன்னே தெரிந்தபோது, மூன்று வயதுப் பிள்ளைகள்கூட அதைக் கணக்கில் எடுத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆக, சின்னவர்களுக்கு எண்ணம் விளங்காது என்பது சரியில்லை. மறைந்திருக்கும் எண்ணத்தைத் தோண்டி எடுப்பதுதான் கஷ்டம்.

நம் கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். புகாரித் தொகுப்பின் முதல் ஹதீஸே நிய்யத் என்னும் எண்ணத்தைப் பற்றியது. ஓதப்பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளை கேட்டுவிடுகிறது. நோன்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நோன்பு பிடித்த பிள்ளையும் சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான், இரண்டும் சாப்பிடவில்லை. வித்தியாசம் முழுக்க உள்ளே இருக்கிறது. அதைப் படமெடுத்துக் காட்டுவது எப்படி? மலேசியாவின் ‘உபின் இபின்’ 2007இல் நோன்பு மாதத்தில் தொடங்கியபோது கையில் எடுத்தது இந்தச் சிக்கலான காரியத்தைத்தான். தாய் தகப்பன் இல்லாத இரட்டைப் பையன்கள், வளர்ப்பது பாட்டியும் அக்காவும். பசியும் ஆசையும் கேள்வியுமாகப் பையன்கள் நோன்பு பழகுகிறார்கள், பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பதில் சொல்கிறார்கள். அந்தப் பாட்டியை அங்கே வைத்தது தற்செயலோ திட்டமோ, சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

தொலைக்காட்சியில் குணம் படிப்பதில் இன்னொரு இடைஞ்சல், மனதின் கொள்ளளவு. அமெரிக்க ஆய்வாளர் ஷாலொம் ஃபிஷ் 2000இல் இதற்கு ஒரு மாதிரி வகுத்தார். கதை ஓடும்போது பிள்ளையின் மனம் இரண்டு வேலை செய்கிறது: அடுத்து என்ன நடக்கிறது என்று பின்தொடர்வது ஒன்று, அதற்குள் இருக்கும் பாடத்தைப் பிடிப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே சின்னக் கையால் நாவற்பழம் அள்ளுவது மாதிரி. கதை கையை நிறைத்துவிட்டால் பாடம் கீழே விழும். பாடம் கதையின் முடிச்சுக்குள்ளேயே இருந்தால் இரண்டும் ஒரே அள்ளில் வரும். கதை ஒரு பக்கமும் புத்திமதி ஒரு பக்கமுமாக இருந்தால், பிள்ளை எப்போதும் கதையைத்தான் வைத்துக்கொள்ளும். கடைசி அரை நிமிடத்தில் ஒரு மாமா வந்து, பிள்ளைகளே இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால் என்று தொடங்கும் நிகழ்ச்சிகள் எதற்கும் உதவாமல் போவதன் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாரெஸும் அகோஸ்டாவும் அதே நாய்க் கதையில் மற்ற நாய்கள் பயப்படும் காட்சிகளை வெட்டிவிட்டும் காட்டிப் பார்த்தார்கள். கதை பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக விளங்கியது. யோசித்தால் வியப்பாக இருக்கிறது. பயத்தை வெல்வது எப்படி என்று காட்டத்தான் எழுத்தாளர்கள் பயத்தைக் காட்டினார்கள். பிள்ளைக்கோ பயமே மனதில் தங்கிவிட்டது.

சண்டைக்கும் இதே கதிதான். ஜேமி ஒஸ்ட்ரோவ், டக்ளஸ் ஜென்டைல், நிக்கி கிரிக் மூவரும் முன்பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் எழுதினார்கள். கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம் ஒருவகை முரட்டுத்தனம் கூடியிருந்தது. அடிதடி இல்லை, நீ எங்களோடு விளையாட வராதே, நான் உன்னோட கோவம் என்று ஆளை ஒதுக்கும் முரட்டுத்தனம். நல்ல நிகழ்ச்சி பார்த்து இப்படியா? அவர்கள் தந்த விளக்கம் எளிது. இந்த நிகழ்ச்சிகளில் ஒரு கூட்டாளியை ஒதுக்குவதும் கேலி செய்வதும் கதையின் பெரும்பகுதியைப் பிடிக்கின்றன. மன்னிப்புக் கேட்டு ஒன்றுசேர்வது கடைசியில் சின்னதாக வருகிறது. நடுவில் நடந்ததையும் கடைசியில் நடந்ததையும் முடிச்சுப் போடத் தெரியாத வயது, நீளமாகக் காட்டியதைப் படித்துக்கொள்கிறது. நம் வீடுகளில் ஓடும் ‘சோட்டா பீம்’ போன்றவற்றையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். லட்டுத் தின்றபின் விழும் குத்துகள் எத்தனை நிமிடம், வேறு எவருக்காவது மனம் இரங்குவது எத்தனை நிமிடம் என்று எண்ணினால் போதும். பீமை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைக்கு அது பொழுதுபோக்கு. குணம் படிக்கும் பாடமென்று நாம் நினைத்து ஏமாற வேண்டாம்.

மிருகங்கள் பற்றியும் ஒரு சேதி உண்டு. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் நிக்கோல் லார்சன், காங் லீ, பட்ரிசியா கனேயா 2017இல் வெளியிட்டது. தொலைக்காட்சி அல்ல, படக்கதைப் புத்தகம். பகிர்ந்துகொள்ளப் பழகும் ஒரு குட்டி ரக்கூனின் கதையைச் சில பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். அதே கதையில் ரக்கூன்களுக்குப் பதில் மனிதப் பிள்ளைகளின் படங்களைப் போட்டு வேறு சிலருக்கு வாசித்தார்கள். வாசிப்புக்கு முன்னும் பின்னும் தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களில் எத்தனையை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மனிதப் பிள்ளைகளின் கதையைக் கேட்டவர்களே தாராளமாகக் கொடுத்தார்கள். ரக்கூன் கதைக்கு அந்தப் பலன் இல்லை. தன்னைப் போன்ற ஒருவருக்கு நடந்தால்தான் தனக்கும் பொருந்தும் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது போலும்.

அப்படியென்றால் நரியும் காகமும் முயலும் சிங்கமுமாக நாம் கேட்டு வளர்ந்த கதைகள் எல்லாம் வீணா? அவற்றைச் சொன்ன விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து உம்மம்மாமார் எவரும் ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நரி பொய் சொல்லும் இடத்தில் நின்றுவிடுவார்கள். “ஏன் மனெ, நேத்து நீயும் மாம்பழம் எடுக்கல்ல எண்டுதானே சொன்னா?” என்று ஒரு கேள்வி விழும். காட்டில் இருந்த நரி அந்த ஒரு கேள்வியில் குசினிக்குள் வந்துவிடும். கழித்தலும் பொருத்தலும், ஆய்வாளர்கள் பிள்ளையால் தனியே முடியாது என்று கண்ட அதே வேலை, அங்கே கூட்டாக நடந்துவிடுகிறது.

திரை வந்தபோது அந்தக் குரல் போனது. இலங்கையில் 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். தொலைக்காட்சி தொடங்கியது, 1982 பெப்ரவரி 15 முதல் ரூபவாஹினி. சிங்களப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பாக்கியம் வாய்த்தது: டைட்டஸ் தொட்டவத்த. வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் பிரிவை அவர் நடத்தினார். சொல்லுக்குச் சொல் மாற்றாமல், கிராமத்துப் பகிடியும் பேச்சும் கலந்து புதிதாகவே எழுதினார். டொக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்தஹித்த’ ஆனார், முயல் பக்ஸ் பன்னியும் சிங்களம் பேசியது. அந்தத் தலைமுறைக்கு அவை வெளிநாட்டுக் கார்ட்டூன்கள் என்ற எண்ணமே இருந்திருக்காது.

தமிழில் அந்த இடத்தைப் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருந்து வந்தவையே நிரப்பின. சக்தி, நேத்ரா, வசந்தம் என்று இங்கே அலைவரிசைகள் வந்தன. ஆனாலும் கூரையில் டிஷ் ஏறிய வீடுகளில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டது 2007இல் தொடங்கிய சுட்டி டிவி. அதில் கார்ட்டூன் சிறுமி டோரா தமிழ் பேசினாள். பிறகு யூடியூப் வந்து தொலைக்காட்சியைக் கைக்குள் கொண்டுவந்து வைத்தது. சென்னைத் தமிழில் விளையாடும் சாய்ந்தமருதுப் பிள்ளையை இப்போது யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. ஆனால் தொப்பி போட்டுக்கொண்டு ஓதப் போகும், கடற்கரையில் பந்தடிக்கும், தன்னைப் போல் பேசும் ஒரு பிள்ளையைத் திரையில் அது காண்பது அரிது. டொராண்டோ ஆய்வின்படி பார்த்தால், இழப்பு பெருமைக்கு மட்டுமல்ல, படிப்புக்கும்தான்.

டோராவிடம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கேள்வி கேட்டுவிட்டு அவள் சும்மா நிற்பாள். பெரியவர்களுக்கு அந்த மௌனம் எரிச்சல்; பிள்ளைகள் கத்திப் பதில் சொல்வார்கள். இந்த உத்தியை நன்றாகச் சோதித்தது 1996இல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’. அதில் ஒரே கதையைத் தொடர்ந்து ஐந்து நாள் போட்டார்கள். 1999இல் வந்த ஆய்வில், திரும்பத் திரும்பப் பார்க்கையில் பிள்ளைகளுக்கு விளக்கம் கூடியது, திரையோடு சேர்ந்து பேசுவதும் கூடியது. முதல் நாள் கதையைப் பிடிக்கவே நேரம் போகிறது. கதை தெரிந்த பிறகு கை காலியாகிறது. பார்த்த கதையையே திரும்பப் போடு என்று பிள்ளை அடம்பிடித்தால் போட்டுவிடுங்கள்.

அந்த நிகழ்ச்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஞ்சலா சாண்டொமெரோ 2012இல் ‘டேனியல் டைகர்’ கார்ட்டூனைக் கொண்டுவந்தார். 1968 முதல் அமெரிக்கப் பிள்ளைகளோடு மெதுவாகவும் நேராகவும் பேசிய ஃப்ரெட் ரொஜர்ஸின் பொம்மைப் புலியின் வழிவந்தவன் டேனியல். ஒவ்வொரு கதையிலும் ஒரு குணம். கோபம் வந்தால் என்ன செய்வது, ஏமாற்றத்தை எப்படித் தாங்குவது என்று ஒற்றை வரிப் பாட்டு. ஆத்திசூடி கண்டவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் எரிக் ராஸ்முசனும் கூட்டாளிகளும் இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை இரண்டு வாரம் டேனியல் பார்க்க வைத்தார்கள். வேறு பிள்ளைகளுக்கு இயற்கை பற்றிய நிகழ்ச்சி. 2016இல் முடிவு வந்தது. டேனியல் பார்த்தவர்களிடம் பிறர் மேல் இரக்கமும், முகம் பார்த்து உணர்ச்சி அறிவதும், தன்மேல் நம்பிக்கையும் கூடியிருந்தன. ஆனால் ஒரு நிபந்தனையோடு. டிவியில் பார்ப்பதைப் பற்றிப் பெற்றார் வழக்கமாகப் பிள்ளையோடு கதைக்கும் வீடுகளில்தான் இது நடந்தது. கதைக்காத வீடுகளில் அதே புலி, அதே பாட்டு, பலன் இல்லை.

இந்த இடத்தில்தான் கல்முனைக் கரையின் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனம். மகளுக்கு வீட்டைக் கொடுத்த உம்மாவும் வாப்பாவும் அநேகமாக அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இருப்பார்கள். சாச்சிமாரும் கூப்பிடு தூரத்தில். அக்கரைப்பற்றில் இருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த ஏற்பாட்டை 2008இல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சீதனத்தின் பாரம் பற்றித் தனியே சண்டை பிடிக்க நான் தயார். ஆனால் பிள்ளைக்கு அதனால் வாய்ப்பது, தாயைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பெண்களின் மடி. பிள்ளையோடு கதையுங்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பெற்றாரிடம் வலிந்து கேட்கும் விடயத்துக்கு இங்கே ஆள் தயாராக இருக்கிறது. உபின் இபினின் பாட்டியைச் சரியான இடத்தில் வைத்தார்கள் என்றதும் இதனால்தான்.

நேரமும் இருக்கிறது. முன்பள்ளி விட்டு வந்து சோறு தீத்தும் நேரம். டிவியைப் பார்த்தபடி பிள்ளையைச் சாப்பிட வைப்பது நல்லதல்ல என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்வார், சரிதான். எப்படியும் நடக்கிற வீட்டில், கை சோற்றில் இருக்கும்போது வாய் சும்மா இருக்கிறதே. “அவன் ஏன் மனெ அழுறான்?” “பந்த பறிச்சிட்டாங்க.” “ஒன்ட பந்த அன்வர் பறிச்சா ஒனக்கு எப்படி இரிக்கும்?” “கோவம் வரும்.” “நீ தம்பிட பந்த பறிச்சா?” இதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம். நாய்க்குக் கால் எத்தனை என்பதை மறக்கச் செய்வது இந்த மூன்றாவது கேள்விதான். மாரெஸும் அகோஸ்டாவும் 2010இல் இதையே திரைக்குள் கொண்டுவந்து பார்த்தார்கள்: கதைக்கு இடையே பாடத்தை நேராக விளக்கும் சிறு துண்டுகளைச் செருகினார்கள். பிள்ளைகள் கதையின் கருத்தை மேலும் நன்றாகப் பிடித்தார்கள்.

வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு கண்டுபிடிப்பு. இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் பதிவுசெய்த திரையில் இருந்து படிப்பது, நேரில் ஆளிடம் படிப்பதைவிட வெகு குறைவு. சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹிர்ஷ் பாசெக், ரொபேர்ட்டா கோலின்கொஃப் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 24 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தார்கள். பதிவுசெய்த வீடியோவில் அவர்களால் படிக்க முடியவில்லை. நேரலை வீடியோ அழைப்பில் படித்தார்கள், நேரில் படித்தது போலவே. கண்ணாடி ஒன்றுதான், வெளிச்சமும் ஒன்றுதான். அந்தப் பக்கம் இருப்பவர் பிள்ளையின் பேச்சுக்கும் அசைவுக்கும் பதில் கொடுக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாப்பா இரவு அழைக்கும்போது, இண்டைக்கு டிவில என்ன பாத்தீங்க, அந்தப் புலிக்குட்டி என்ன செஞ்சான் என்று கேட்டால், தோஹாவில் இருந்தும் பக்கத்தில் இருந்து பார்த்தவராகிவிடலாம்.

பேச்சுக்கு அடுத்தது விளையாட்டு. 1979இல் லினெட் ஃப்ரெட்ரிக் கோஃபரும் அலிதா ஸ்டெய்னும் கூட்டாளிகளும் வறிய குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் அமெரிக்க முன்பள்ளிகளில் ரொஜர்ஸின் நிகழ்ச்சியைக் காட்டினார்கள். வெறுமனே காட்டிய வகுப்புகளில் பெரிய மாற்றம் இல்லை. நிகழ்ச்சியோடு தொடர்புள்ள விளையாட்டுப் பொருட்களையும் கொடுத்த வகுப்புகளில் பிள்ளைகள் நன்றாகச் சேர்ந்து பழகினார்கள், கூடவே முரட்டுத்தனமும் கூடியது. ஆசிரியர் பயிற்சி பெற்று, பிள்ளைகளோடு சேர்ந்து அந்தக் கதைகளை நடித்துப் பழக்கிய வகுப்புகளில் மட்டும் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. நம் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு இதற்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டியதில்லை. கலைவிழாவுக்கு மாதக்கணக்கில் ஆட்டம் பழக்குகிறார்கள், அதில் ஒரு பங்கு நேரம் போதும். ஒதுக்கப்பட்ட நாயாக ஒரு தரம், ஒதுக்கிய நாயாக ஒரு தரம் பிள்ளையை நிற்க வைக்க வேண்டும். இரண்டு பாத்திரமும் ஒரே பிள்ளைக்கு வருவது முக்கியம்.

புதிய கார்ட்டூன் எடுக்க எங்களிடம் காசில்லை என்பது நியாயம்தான். மாரெஸ் செருகிய மாதிரியான துண்டுக்குக் கார்ட்டூனே வேண்டியதில்லை. ஏற்கெனவே ஓடும் கதையை ஓரிடத்தில் நிறுத்தி, மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு உம்மம்மாவின் குரலில் ஒரு கேள்வி, பதிலுக்குப் பத்து நொடி மௌனம். கமரா கூடத் தேவையில்லை, நல்ல ஒலிவாங்கி ஒன்று போதும். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் பாட்டி ஒருவர் குரலில் இன்னொன்று எடுத்தால் இன்னும் நல்லது. சாய்ந்தமருதுப் பிள்ளையும் பாண்டிருப்புப் பிள்ளையும் ஒரே கேள்விக்குப் பதில் கத்தட்டும்.